சன்னல், வடிதாள், ஒன்பது கேள்விகள்: பல்கலைக்கழக ஆய்வுகள் எதைக் கொண்டு அளக்கின்றன?

பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்து ஒரே மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள் 46 பேர். அவர்களில் 23 பேருக்குச் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்ற 23 பேருக்குத் தெரிந்தது செங்கல் சுவர் மட்டும். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களுக்கு 8.70 நாள் பிடித்தது. வீரியமான வலி மருந்தும் மரம் தெரிந்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயின்ஸ்' இதழில் இதை எழுதியபோது இரண்டே பக்கத்தில் முடித்துவிட்டார். சுற்றுச்சூழல், மனநிலை, நோயாளிப் பராமரிப்பு மூன்றும் ஒரே சன்னலில் சந்தித்ததால் இன்றும் பலர் இதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் எண்களோடு நின்றுவிடுகிறார்கள். அந்த எண்களை நம்பலாமா என்பதற்கான விடை ஆய்வின் செய்முறையில் இருக்கிறது. உல்ரிச் 1972 முதல் 1981 வரையிலான பதிவேடுகளிலிருந்து நோயாளிகளை ஜோடி ஜோடியாகத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு ஜோடியிலும் பாலினம், வயது, புகைப்பழக்கம், உடல்பருமன், படுத்திருந்த தளம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். மரங்களில் இலை இருக்கும் காலம் முக்கியம் என்பதால் மே 1 முதல் அக்டோபர் 20 வரை நடந்த அறுவைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். பதிவேட்டிலிருந்து விவரம் எடுத்த செவிலியருக்கு எந்த நோயாளிக்கு எந்தச் சன்னல் என்பது தெரியாது. தெரிந்திருந்தால், 'நோயாளி எரிச்சலாக இருக்கிறார்' என்ற குறிப்பைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்று யோசிக்கும் இடத்தில் அவர் கை தானாகவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் அது 46 பேர், ஒரு கட்டிடம், ஒரே வகை அறுவை. இன்று பித்தப்பை அறுவை பெரும்பாலும் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் நடக்கிறது. நோயாளி ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறார். அதே ஆய்வை இப்போது திரும்பச் செய்தால் 'படுக்கையில் இருந்த நாள்' என்ற அளவுகோல் எதையும் காட்டாது. வேறு எதையாவது அளந்தாக வேண்டும்.

இந்த மூன்று துறைகளில் வரும் எந்த ஆய்வையும் எடைபோட, எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதுதான் வாசல். காற்று நோயை உண்டாக்குகிறதா, மனச்சோர்வு குறைந்ததா, வார்டு பாதுகாப்பானதா என்று கேட்கும் எல்லா ஆய்வும் ஏதோ ஒரு கருவியையோ ஒரு கேள்வித்தாளையோ ஒரு வரையறையையோ நம்பி நிற்கிறது. அது பிசகினால் அதன் மேல் எவ்வளவு பெரிய புள்ளியியலைக் கட்டினாலும் பயனில்லை. செய்திகளில் இந்தப் பகுதிதான் முதலில் வெட்டப்படுகிறது என்பதால், அதையே இங்கே விரித்துப் பார்க்கலாம்.

காற்றை எடைபோடுவது

பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைந்த விட்டமுள்ள நுண்துகள். காற்றில் இது எவ்வளவு என்று கண்டுபிடிக்க இன்றும் அடிப்படையான வழி மிகப் பழையது: வடிதாள் வழியாகக் காற்றை இழுத்து, முன்னும் பின்னும் எடை பார்ப்பது. பம்பு நிமிடத்துக்கு 16.67 லிட்டர் காற்றை இழுக்கும். 24 மணி நேரத்தில் அது 24 கனமீட்டர். காற்றில் ஒரு கனமீட்டருக்கு 25 மைக்ரோகிராம் துகள் இருந்தால், நாள் முழுதும் ஓடியபின் வடிதாளில் சேர்வது 600 மைக்ரோகிராம், அதாவது 0.6 மில்லிகிராம். வடிதாளின் சொந்த எடையோ 100 மில்லிகிராமுக்கு மேல். பெரிய எடை ஒன்றிலிருந்து பெரிய எடை இன்னொன்றைக் கழித்து, நடுவில் மிஞ்சும் துளியைத்தான் நாம் தேடுகிறோம்.

அதனால் எடை அறையில் இருக்கும் ஒழுங்கு ஆய்வின் உயிர். 20 முதல் 23 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 30 முதல் 40 சதவீத ஈரப்பதத்திலும் வடிதாளைக் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருந்து பிறகுதான் எடை பார்க்க வேண்டும். வெளியே ஓடித் திரும்பியபின்னும் அப்படியே. இடுக்கியால் மட்டும் எடுக்க வேண்டும், விரல் பட்டால் அந்த எண்ணெய்ப்பசையே எடையில் தெரியும். டெஃப்லான் வடிதாள் நிலைமின்னூட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை நீக்காமல் தராசில் வைத்தால் எண் நிலைகொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பொறுமை இழந்த மாணவர் ஏதோ ஒரு கணத்தில் தெரிந்த எண்ணை எழுதிக்கொள்வார். அந்த எண் பிறகு ஆய்வுக் கட்டுரை வரை போய்விடும்.

கள வெற்று வடிதாள் என்று ஒன்று உண்டு. மற்ற வடிதாள்களோடு களத்துக்குப் போய், கருவியில் பொருத்தப்பட்டு, காற்றை இழுக்காமலேயே திரும்பி வரும். அதன் எடை மாறக்கூடாது. மாறினால் அது கையாண்ட விதத்தில் வந்த பிழை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் முறையில் இதற்கான வரம்பு 30 மைக்ரோகிராம். 600 மைக்ரோகிராம் சேரும் இடத்தில் 30 என்பது 5 சதவீதம், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஆண்டுச் சராசரிக்கு வகுத்த வழிகாட்டு அளவு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். அவ்வளவு சுத்தமான காற்றில் ஒரு நாளில் சேர்வது 120 மைக்ரோகிராம்தான். அங்கே அதே 30 கால் பங்கு பிழையாகிவிடும். சுத்தமான ஊரில் ஆய்வு செய்வது அழுக்கான ஊரில் செய்வதைவிடக் கடினம் என்று அளப்பவர்கள் சொல்வதற்குக் காரணம் இது.

பம்பின் ஓட்டம் இன்னொரு கண்ணி. பெரிய துகளை வெளியே நிறுத்தும் தலைப்பகுதி, குறிப்பிட்ட வேகத்தில் காற்று ஓடும்போது மட்டும் 2.5 மைக்ரானில் சரியாக வெட்டும். பம்பு சோர்ந்து ஓட்டம் குறைந்தால் வெட்டும் புள்ளி மேலே நகர்ந்து, பெரிய துகளும் உள்ளே வந்துவிடும். 5 மைக்ரான் துகள் ஒன்று, அதே அடர்த்தியுள்ள 2.5 மைக்ரான் துகள் எட்டின் எடைக்குச் சமம். கொஞ்சம் பெரிய துகள் நுழைந்தாலே முடிவு கெட்டுவிடும் என்பதால், ஓட்டத்தை ஆரம்பத்திலும் முடிவிலும் தனிக் கருவியால் சரிபார்க்கிறார்கள்.

இப்போது கையடக்க உணர்கருவிகள் பெருகிவிட்டன. இவை எதையும் எடைபோடுவதில்லை. சிறு மின்விசிறி காற்றை இழுக்க, லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதற, சிதறிய ஒளியை வைத்து எடையை ஊகித்துச் சொல்கின்றன. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடும். காற்றில் மாசு கூடாமலேயே கருவி மாசு கூடியதாகக் காட்டும். ஆகவே இவற்றைக் களத்தில் வைப்பதற்கு முன் தரமான காற்று அளவீட்டு நிலையம் ஒன்றின் பக்கத்திலேயே சில வாரங்கள் ஓடவிட்டு, ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரு திருத்தச் சமன்பாடு போட வேண்டும். இதை எல்லாப் பருவத்திலும் செய்ய வேண்டும். ஒன்றிரண்டு கருவிகளை நிலையத்திலேயே நிரந்தரமாக விட்டுவைக்க வேண்டும், ஆய்வு முடியும்போது எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். வறண்ட மாதத்தில் ஒரு முறை ஒப்பிட்டுவிட்டு அந்தச் சமன்பாட்டை ஆண்டு முழுதும் ஓட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஈரமான மாதங்களில் 'மாசு உச்சம்' என்று வரும் வரைபடங்களில் சில அந்தத் தவறின் படமே.

கருவி சரியாக இருந்தும், அது தொங்கும் இடத்தில் மனிதர் வாழ்வதில்லை. அவர் சமையலறையில், பேருந்தில், அலுவலகத்தில் இருக்கிறார். ஒவ்வொருவருக்கும் போடும் மாசு மதிப்பில் தற்செயலான பிழை கலந்தால், உண்மையில் இருக்கும் தொடர்பு பொதுவாக மங்கித் தெரியும். இதை வாசகர்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். 'மாசுக்கும் நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை' என்று ஓர் ஆய்வு சொன்னால், தொடர்பே இல்லாமல் இருக்கலாம், அளவுகோல் மழுங்கியும் இருக்கலாம். எது என்பதை முடிவுப் பகுதி சொல்லாது, செய்முறைப் பகுதி சொல்லும்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் 'ஆறு நகர ஆய்வு' இந்தத் தடையைக் காலத்தால் தாண்டியது. 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 1993இல் முடிவு வெளியிட்டார்கள். புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், மாசு மிகுந்த ஸ்டூபன்வில் நகரில் இறப்பு வீதம், மாசு குறைந்த போர்ட்டேஜ் நகரைவிட 26 சதவீதம் அதிகம். 1997இல் அமெரிக்கா பி.எம். 2.5க்குத் தனி வரம்பு விதித்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. உடனே தொழில்துறைத் தரப்பு மூலத் தரவைக் கேட்டது. தனிமனிதர்களின் உடல்நல விவரங்களைப் பொதுவில் கொட்ட முடியாது என்றார்கள் ஆய்வாளர்கள். இரு தரப்பும் ஏற்ற ஒரு வழி கிடைத்தது: சுகாதார விளைவுகள் நிறுவனம் என்ற அமைப்பு, ரகசியம் காக்கும் நிபந்தனையோடு தனிக் குழு ஒன்றிடம் தரவை ஒப்படைத்து முதலிலிருந்து கணக்கிடச் சொன்னது. 2000இல் வந்த அந்த மறுஆய்வு பழைய முடிவை உறுதிசெய்தது. தரவை மறைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் நோயாளியின் அந்தரங்கத்துக்கும் நடுவே இப்படி ஒரு வழி இருப்பது பலருக்கும் தெரிவதில்லை. தெரிந்திருக்க வேண்டும்.

மனதைக் கேட்டு அளப்பது

மனச்சோர்வுக்கு வடிதாள் கிடையாது. இருப்பவற்றில் அதிகம் பயன்படுவது பி.எச்.கியூ-9. ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 2001இல் குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் மூவரும் இதன் மதிப்பீட்டை வெளியிட்டார்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது வழக்கம்.

இங்கே நடக்கும் பெரிய குழப்பம், சல்லடையைத் தராசாக எடுத்துக்கொள்வது. 10 என்ற எல்லையில் இந்தக் கேள்வித்தாள், மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறக்குறைய 88 சதவீதம் பேரைப் பிடிக்கும், இல்லாதவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும். கேட்க நன்றாகவே இருக்கிறது. 1,000 பேரிடம் கொடுத்துப் பார்ப்போம். அவர்களில் உண்மையில் 100 பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக வைத்துக்கொண்டால் 88 பேர் பிடிபடுவார்கள். மிச்சமுள்ள 900 பேரில் 15 சதவீதம், அதாவது 135 பேர், நோய் இல்லாமலேயே 10ஐத் தாண்டுவார்கள். எல்லையைத் தாண்டியவர்கள் மொத்தம் 223. அவர்களில் உண்மையான நோயாளிகள் 88 பேர், பத்தில் நான்கு பேர்கூட இல்லை. 'கல்லூரி மாணவர்களில் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு' என்று தலைப்பு வந்தால், அது இந்த 223ஐ எண்ணியதா, பின்னர் நேர்காணல் செய்து உறுதிப்படுத்தியதா என்று பாருங்கள். நேர்காணல் இல்லை என்றால் அந்த எண், அறிகுறி மதிப்பெண் உயர்ந்தவர்களின் எண்ணிக்கை. நோயின் பரவல் என்று அதைச் சொல்லக்கூடாது.

அடுத்தது, வேறு நோயோடு வருபவர்கள். பி.எச்.கியூ-9இல் தூக்கம், பசி, அசதி, கவனம் ஆகியவை தனித்தனிக் கேள்விகள். கீமோதெரபி எடுப்பவருக்கு இந்த நான்கும் மருந்தாலேயே கெடும். நான்கிலும் 3 வாங்கினால் 12, மனம் திடமாக இருந்தும் எல்லையைத் தாண்டிவிட்டார். இந்தச் சிக்கலுக்காகவே 1983இல் ஜிக்மண்டும் ஸ்னெய்த்தும் மருத்துவமனைகளுக்கென்று வேறொரு கேள்வித்தாள் செய்தார்கள். எச்.ஏ.டி.எஸ். என்று அழைக்கப்படும் அதில் 14 கேள்விகள், பதற்றத்துக்கு 7, சோர்வுக்கு 7. பசி, தூக்கம் போல உடல்நோயோடு கலந்துவிடும் அறிகுறிகளைக் கவனமாகத் தவிர்த்திருக்கிறார்கள். நோயாளிகளிடம் ஆய்வு செய்பவர் ஏன் இந்தக் கேள்வித்தாள் என்பதற்கு இரண்டு வரியாவது எழுதியிருக்க வேண்டும். 'பரவலாகப் பயன்படுவது' என்பது காரணமாகாது.

மொழி இன்னும் ஆழமான இடம். தமிழில் 'மன அழுத்தம்' என்ற சொல்லை ஒருவர் வேலைப்பளுவுக்குச் சொல்கிறார், இன்னொருவர் மனச்சோர்வு நோய்க்குச் சொல்கிறார். அந்தச் சொல் கேள்வியில் இருந்தால் இரண்டு பேரும் 'ஆம்' என்பார்கள். முறையாகச் செய்பவர்கள் இருவரைத் தனித்தனியாக மொழிபெயர்க்க வைத்து, ஒப்பிட்டு ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவரைக் கொண்டு திரும்ப மூலமொழிக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். அதோடு விடக்கூடாது. பத்துப் பதினைந்து பேரிடம் கேள்வியைப் படித்துக்காட்டி, 'இது எதைக் கேட்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேட்பதுதான் பிழைகளை வெளியே கொண்டுவரும். மாணவர் ஆய்வுகளில் நேரமில்லை என்று முதலில் கைவிடப்படுவதும் இந்தப் படிதான்.

ஜிம்பாப்வேயில் வேறு வழியில் போனார்கள். 1990களில் விக்ரம் படேலும் உடன் பணியாற்றியவர்களும் ஹராரேவில், ஷோனா மொழி பேசுபவர்கள் தங்கள் துயரத்தை எந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்று கேட்டுச் சேகரித்து, அதிலிருந்தே 14 கேள்விகள் கொண்ட அளவுகோலைச் செய்தார்கள். 'குஃபுங்கிசிசா', அதாவது அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது, அந்த மக்களின் சொந்தச் சொல். பின்னாளில் டிக்சன் சிபாண்டா தலைமையிலான குழு, 'நட்பு இருக்கை' என்ற முறையைச் சோதிக்க இதே அளவுகோலைப் பயன்படுத்தியது. மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள், சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரப்பலகை இருக்கையில் அமர்ந்து ஆறு அமர்வுகளில் பிரச்சினைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார்கள். 24 நிலையங்கள், 573 பேர். 2016இல் வெளியான முடிவுப்படி, ஆறு மாதம் கழித்து அந்த முறையைப் பெற்றவர்களின் துயர அறிகுறிகளுக்கான சராசரி மதிப்பெண் 3.81, வழக்கமான சிகிச்சை மேம்படுத்தித் தரப்பட்டவர்களுக்கு 8.90. இருக்கை பற்றி உலகம் நிறையப் பேசியது. இருக்கையின் பலனைக் காட்டக்கூடிய கேள்விகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தயாராக இருந்ததைப் பற்றிப் பேச்சு குறைவு.

பி.எச்.கியூ-9இன் ஒன்பதாவது கேள்வி, சாவைப் பற்றியோ தன்னைத் துன்புறுத்திக்கொள்வதைப் பற்றியோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. இதைக் கேட்கும் எந்த ஆய்வும் பதிலுக்குப் பொறுப்பேற்க வேண்டும். 0 தவிர வேறு பதில் வந்தால் அன்றே யார் அவரிடம் பேசுவது, அவர் விடுப்பில் இருந்தால் யார், பேசியதை எங்கே குறிப்பது என்பதெல்லாம் ஆய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். பெயர் கேட்காத இணையக் கருத்துக்கணிப்பில் இதைக் கேட்டு, தரவை மாதம் கழித்துத் திறந்து பார்ப்பது பெரிய அநீதி. அப்படிப்பட்ட ஆய்வுக்கு அந்தக் கேள்வியை நீக்கிய பி.எச்.கியூ-8 இருக்கிறது.

வார்டில் எண்ணுவது

தீவிர சிகிச்சைப் பிரிவில் கழுத்திலோ மார்பிலோ உள்ள பெரிய சிரை வழியாகக் குழாய் செலுத்தி மருந்து ஏற்றுவார்கள். அந்தக் குழாய் வழியாகக் கிருமி இரத்தத்துக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் புரோனோவோஸ்ட் குழு, மிச்சிகன் மாநிலத்தில் 100க்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஐந்து செயல்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: கை கழுவுதல், குழாய் செலுத்தும்போது நோயாளியை முழுதாகப் போர்த்தித் தொப்பி, முகக்கவசம், அங்கி எல்லாம் அணிதல், தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு சுத்தம் செய்தல், முடிந்தவரை தொடைப்பகுதியைத் தவிர்த்தல், தேவை முடிந்த குழாயை உடனே எடுத்துவிடுதல். 2006இல் வெளியான முடிவில், 1,000 குழாய்-நாளுக்குச் சராசரி 7.7 தொற்றாக இருந்தது, 16 முதல் 18 மாதத்தில் 1.4 ஆகக் குறைந்திருந்தது.

குழாய்-நாள் என்பதை விளங்கிக்கொண்டால் வார்டு ஆய்வுகளில் பாதி விளங்கிவிடும். ஒரு பிரிவில் தினமும் சராசரியாக 8 பேருக்குக் குழாய் இருந்தால் 30 நாளில் 240 குழாய்-நாள். அந்த மாதம் ஒரே ஒரு தொற்று வந்தால் வீதம் 4.2. இரண்டு வந்தால் 8.3. ஒன்றும் வராவிட்டால் 0. அங்கே எதுவும் மாறாமலேயே வரைபடம் 0, 8.3, 4.2, 0 என்று குதிக்கும். 8.3 வந்த மாதத்தில் நிர்வாகம் பதறிப்போய்ப் புதிய பயிற்சி ஒன்றைத் தொடங்கும். அடுத்த மாதம் தானாகவே எண் இறங்கும். பயிற்சி வென்றது என்று அறிக்கை எழுதப்படும். உச்சத்துக்குப் பிறகு சராசரிக்குத் திரும்புவது எண்களின் இயல்பு. முன்-பின் என்று ஒரே ஒரு வார்டை மட்டும் ஒப்பிடும் ஆய்வுகளில் பெரும்பகுதி இந்தப் பள்ளத்தில் விழுகிறது.

யார் எண்ணுகிறார்கள் என்பதும் முக்கியம். தொற்று என்று சொல்ல இரத்தப் பரிசோதனையில் கிருமி வளர வேண்டும். தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமி என்றால் தனித்தனியாக எடுத்த இரண்டு மாதிரிகளில் வர வேண்டும். பரிசோதனைக்கு அனுப்புவதே குறைந்தால் தொற்றும் 'குறையும்'. ஆகவே நல்ல ஆய்வில் தொற்று எண்ணிக்கையோடு, எத்தனை இரத்த மாதிரி அனுப்பினார்கள் என்பதும் மாதவாரியாக இருக்கும். தேடிப் பாருங்கள், பல கட்டுரைகளில் அது இருக்காது.

மிச்சிகன் ஆய்வுக்குப் பிறகு இங்கிலாந்தில் இதே திட்டத்தைப் படிப்படியாக, ஒரு குழு மருத்துவமனைக்குப் பின் இன்னொரு குழு என்று தொடங்கினார்கள். தொற்று நன்றாகவே குறைந்தது. ஆனால் முறை வரக் காத்திருந்த, இன்னும் திட்டம் தொடங்காத மருத்துவமனைகளிலும் அது குறைந்துகொண்டே வந்தது. காலமே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, திட்டத்தின் பங்கை அதிலிருந்து பிரித்தெடுப்பது கடினமானது. ஐந்து செயல்களும் வீண் என்று இதற்குப் பொருளல்ல. ஒப்பிட ஒரு தரப்பு இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சரிவு முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள் என்பதே இதில் தெரிகிறது.

அறுவை அரங்கின் சரிபார்ப்புப் பட்டியலுக்கும் இதே கதைதான். 8 மருத்துவமனைகளில் நடந்த 2009ஆம் ஆண்டு ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் அதைக் கட்டாயமாக்கிய பின் செய்த 2014ஆம் ஆண்டு ஆய்வில் 0.71 சதவீதம் 0.65 ஆனது, புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை. பட்டியலில் குறி போடுவது ஒரு செயல், குழு நின்று ஒருவரையொருவர் கேட்டுச் சரிபார்ப்பது இன்னொரு செயல். முதலாவதை மட்டும் அளந்தால் 100 சதவீதம் என்று வரும்.

முதியவர்களுக்கு மருத்துவமனையில் வரும் திடீர்க் குழப்பநிலை, அதாவது டெலிரியம், எண்ணுவதற்கு இன்னும் கடினம். காரணம், அது வந்து வந்து போகும். காலையில் தெளிவாகப் பேசியவர் இரவில் ஆளை அடையாளம் காணமாட்டார். கத்திக் குழாயைப் பிடுங்குபவர் எல்லோர் கண்ணிலும் படுவார். சத்தமில்லாமல் சுருண்டு படுத்திருப்பவரை 'அமைதியான நோயாளி' என்று எழுதிவைப்பார்கள், அவருக்கும் அதே நோய்தான். ஷரன் இனூயி 1990இல் வகுத்த சி.ஏ.எம். முறை நான்கு அம்சங்களைப் பார்க்கிறது: திடீர்த் தொடக்கமும் ஏற்ற இறக்கமும், கவனம் நிற்காமை, சிந்தனைக் கோர்வையின்மை, விழிப்புநிலையில் மாற்றம். முதல் இரண்டும் கட்டாயம், கடைசி இரண்டில் ஒன்று போதும். கவனத்தைச் சோதிக்க, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள். பயிற்சி இல்லாதவர் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுப் பேச்சுக்கொடுத்து மட்டும் பார்த்தால், பாதிக்கப்பட்டவர்களில் பலரைத் தவறவிடுவார்.

யேல் பல்கலைக்கழகத்தில் இனூயி குழு 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேரிடம் செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், டெலிரியம் வந்தவர்கள் வழக்கமான பராமரிப்பில் 15.0 சதவீதம், புதிய பராமரிப்பு முறையில் 9.9 சதவீதம். அந்த முறையில் புதிய மருந்து எதுவும் இல்லை. அன்றைய நிகழ்ச்சி நிரலும் பராமரிப்பவர்களின் பெயர்களும் எழுதிய பலகை, இரவில் சத்தம் குறைத்துச் சூடான பானமும் முதுகு பிடித்துவிடுதலும், நாளுக்கு மூன்று முறை நடக்க வைத்தல், கண்ணாடி, காதில் அடைத்த குறும்பியை எடுத்துக் கேட்கும் கருவி பொருத்துதல், தண்ணீர் குடிக்க வைத்தல். தன்னார்வலர்கள் இதில் பெரும் பங்கு வகித்தார்கள். டெலிரியம் ஒரு முறை வந்துவிட்டால் அதன் தீவிரத்தை இந்த முறை குறைக்கவில்லை என்பதையும் அதே கட்டுரை வெளிப்படையாகச் சொல்கிறது. வருமுன் காப்பதற்கே இது பயன்படும் என்று அதனால்தான் தெரிகிறது. பராமரிப்பு ஆய்வுகளில் நமக்கு மிகப் பிடித்தது இதுவே.

வார்டு வாரியாகப் பிரித்துச் செய்யும் ஆய்வுகளில் ஒரு கணக்கு அடிக்கடி தவறுகிறது. ஒரே வார்டில் உள்ளவர்களை ஒரே செவிலியர்கள் கவனிக்கிறார்கள், ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள், அதனால் அவர்களின் முடிவுகள் ஓரளவு ஒன்றுபோல் இருக்கும். 10 வார்டு, வார்டுக்கு 30 பேர், ஒரே வார்டினரின் முடிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் ஒற்றுமைக் குணகம் 0.05 என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்டில் ஒருவர் நீங்கலாக உள்ள 29 பேரைக் குணகத்தால் பெருக்கி 1 கூட்டினால், 1 + 29 × 0.05 = 2.45. 300ஐ இந்த எண்ணால் வகுக்க வேண்டும். கையில் உள்ள 300 பேர் தரும் தகவல், தனித்தனியாகக் குலுக்கலில் எடுத்த ஏறக்குறைய 122 பேர் தரும் தகவலுக்குச் சமம். 300 என்று வைத்துக் கணக்குப் போட்டால் இல்லாத வித்தியாசம் இருப்பதாகத் தெரியும். திருத்த வழி, ஒவ்வொரு வார்டிலும் ஆட்களைக் கூட்டுவதைவிட வார்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது.

நடுவில் விலகியவர்களைப் பற்றி ஒரே வரி: நூறு பேரில் தொடங்கி அறுபதில் முடிந்த ஆய்வில், போன நாற்பது பேர் குணமாகிப் போனார்களா, வெறுத்துப் போனார்களா என்று கட்டுரை சொல்லாவிட்டால், மிச்ச அறுபதின் சராசரியை நம்ப வேண்டாம்.

மிச்சிகன் திட்டத்துக்கு நெறிமுறைச் சிக்கலும் வந்தது. கை கழுவச் சொல்லி எண்ணுவது தரமேம்பாடா, மனிதர்கள் மீதான ஆய்வா? ஆய்வு என்றால் ஒவ்வொரு நோயாளியிடமும் சம்மதம் வாங்க வேண்டுமா? 2007இல் அமெரிக்க அரசின் கண்காணிப்பு அலுவலகம் இந்தக் கேள்வியை எழுப்பியது. தரவு சேகரிப்பு நின்றது. 2008 தொடக்கத்தில் தொடரலாம் என்று அனுமதி வந்தது. வார்டில் எதையாவது மாற்றி அளக்க நினைக்கும் எந்தத் துறையும் முதல் வாரத்திலேயே நெறிமுறைக் குழுவிடம் இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. குழு 'விலக்கு' என்று சொன்னால் அந்தக் கடிதமும் கோப்பில் இருக்க வேண்டும்.

ஆய்வு முடிந்தபின் நிதி நிற்கும், தரவு எடுத்த செவிலியர் வேறு வேலைக்குப் போவார், முதுகலை மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்புவார். குழாய்த் தொற்றைக் குறைத்த இடங்களில் பயன்பட்ட மிக எளிய பொருள் ஒரு தள்ளுவண்டி. போர்வை, அங்கி, முகக்கவசம், குளோர்ஹெக்சிடின் எல்லாம் ஒரே வண்டியில் இருக்கும், மருத்துவர் நாலு அலமாரியைத் தேட வேண்டாம். தேட வேண்டியிருந்தால் அவசரத்தில் ஏதாவது ஒன்று விடுபடும். ஆய்வு நடக்கும்வரை அந்த வண்டியை ஆய்வுக் குழுவே நிரப்பிக்கொண்டிருக்கும். அடுத்த ஆண்டு அதை நிரப்புவது எந்தப் பதவியில் இருப்பவரின் வேலை, பொருள் தீர்ந்தால் எந்தப் படிவத்தில் கேட்பது, அதற்கான செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் வருகிறது என்ற மூன்றையும், ஆய்வு முன்மொழிவின் கடைசிப் பக்கத்தில் பெயரிட்டு எழுதச் சொல்ல வேண்டும்.